மார்கழியில் ஓடிய ரேம் சித்திரையில் ஓடவில்லை

மன்னார்குடியில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் எடிட் செய்வது என் பிழைப்பு. 2023 சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் என் கம்ப்யூட்டர் படுத்திய பாட்டில் 39,000 ரூபாய் போனது. அதோடு ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் காட்சியும் போனது. பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்தக் காட்சியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. இத்தனைக்கும் காரணம், ரேமின் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) வேகத்தையும் வோல்டேஜையும் நானே பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) மாற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு ராத்திரி சோதித்துப் பார்த்ததோடு விட்டதுதான். அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. எனக்கு யாரும் இல்லை. உங்களுக்கு இது உதவட்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தொழிலில் மார்கழி ஓய்வு மாதம். முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோவில் வேலை குறைவு. தை பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது என்பதால், கேமரா சர்வீஸ், கம்ப்யூட்டர் மாற்றம் எல்லாவற்றையும் மார்கழியிலேயே முடித்துவிடுவோம். என்னிடம் இருந்தது ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு ரேம், மொத்தம் 32 ஜிபி. மூன்று கேமராவின் 4கே காட்சிகளை ஒரே டைம்லைனில் போட்டால் அது போதவில்லை. 2022 டிசம்பரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் அதே கம்பெனி, அதே மாடல், அதே 3600 வேகம் போட்ட இன்னொரு ஜோடியை வாங்கி வந்தேன். நான்கு ரேம், 64 ஜிபி. பெட்டியில் ஒட்டியிருந்த எண் முதல் ஜோடியில் இருந்த அதே எண்தான். உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு தைஃபூன் பர்னர் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய ஜோடியில் ஹைனிக்ஸ் சிப், புதியதில் மைக்ரான் சிப். ஒரே மாடல் எண்ணில் காலப்போக்கில் சிப்பை மாற்றுவது ரேம் கம்பெனிகளிடம் சகஜம். ஒரே பெட்டியில் வரும் ரேம்களை மட்டும்தான் சேர்த்துச் சோதித்து விற்கிறார்கள், இரண்டு பெட்டிகளைச் சேர்த்து அல்ல. 64 ஜிபி வேண்டுமானால் முதலிலேயே ஒரே கிட்டாக வாங்குங்கள். முடிந்தால் 32 ஜிபி வீதம் இரண்டாகவே வாங்குங்கள்.

இனி நான் செய்த காரியம். என்னுடையது டிடிஆர்4 வகை ரேம், அதன் அடிப்படை வோல்டேஜ் 1.2. பெட்டியில் போட்டிருக்கும் 3600 வேகம் வேண்டுமானால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற புரொஃபைலை ஆன் செய்ய வேண்டும். செய்தால் வோல்டேஜ் 1.35-க்கு ஏறும். கம்பெனியே கொடுத்த புரொஃபைலாக இருந்தாலும், பிராசஸரின் கணக்கில் அது ஓவர்கிளாக்தான், அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது. நான் அதோடு நிற்கவில்லை. ஒரு வீடியோவில் ஒருவர் சொன்ன எண்களை அப்படியே எடுத்துப் போட்டேன். சிஎல் என்ற தாமத எண்ணை 18-லிருந்து 16 ஆக்கினேன், வோல்டேஜை 1.42 ஆக்கினேன், டிஆர்எஃப்சி என்ற எண்ணை 630-லிருந்து 468-க்கு இறக்கினேன். அவர் வைத்திருந்தது சாம்சங் பி-டை சிப். கூடுதல் வோல்டேஜை வாங்கிக்கொண்டு வேகமாக ஓடக்கூடிய சிப் அது. என் சிப் வேறு என்ற யோசனையே வரவில்லை. ராத்திரி மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை மென்பொருளைப் போட்டேன். 64 ஜிபிக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 3 மணி நேரம் ஆனது, ஒரு பிழைகூட இல்லை. பனி கொட்டும் மார்கழி ராத்திரி, ஜன்னல் திறந்திருந்தது, அறையே குளிர்சாதனம் போட்டது போல் இருந்தது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் சிஸ்டம் பிரமாதமாக ஓடியது. அதனால்தான் பிரச்சினை வந்தபோது ரேம் மேல் சந்தேகமே வரவில்லை. சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். எடிட்டிங் மென்பொருள் பாதியில் தானாக மூடிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து ப்ளூ ஸ்கிரீன். மறுநாள் இன்னொரு ப்ளூ ஸ்கிரீன், ஆனால் அதில் வேறு பிழைப் பெயர். அடுத்ததில் இன்னொரு பெயர். இப்போது எனக்குத் தெரிந்ததை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்: ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு டிரைவரோ ஒரு பாகமோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பெயர் மாறி மாறி வந்தால் முதலில் ரேமைப் பாருங்கள். ரேமில் எந்த இடத்தில் தவறு நேர்கிறதோ, அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் மென்பொருள்தான் அடிவாங்கும்.

அப்போது கடைத்தெருவில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: லோ வோல்டேஜ். கோடையில் போர்செட் எல்லாம் ஓடும்போது எங்கள் தெருவில் விளக்கு மங்குவது உண்மை, மீட்டரில் 190 காட்டிய நாளும் உண்டு. நானும் நம்பினேன். ஸ்டெபிலைசர் 3,200 ரூபாய். அப்படியும் நிற்கவில்லை. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு உள்ளே மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) வீக் என்றார் பழுது பார்க்க வந்தவர். புது எஸ்எம்பிஎஸ் 6,800. பிறகு எஸ்எஸ்டி போய்விட்டது என்றார். புது எஸ்எஸ்டி 7,500, விண்டோஸ் மறுபடி போடுவதற்கும் அவர் கூலிக்கும் 1,500. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பயாஸில் நான் செய்து வைத்ததை அவரிடம் சொல்லவே இல்லை. சுவரிலிருந்து வரும் 230-ம் ரேமுக்குப் போகும் 1.35-ம் வேறு வேறு சங்கதிகள். நல்ல எஸ்எம்பிஎஸ் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் உள்ளே 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுத்துவிடும். அதிலிருந்து 1.35-ஐ இறக்கித் தருவது மதர்போர்டில் உள்ள ரெகுலேட்டர். தெருவில் விளக்கு மங்குவதற்கும் ரேம் தடுமாறுவதற்கும் சம்பந்தமில்லை என்று புரிய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

அந்த ஒன்றரை மாதத்துக்குள்தான் அந்தக் கல்யாணம். வைகாசியில், நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். ராத்திரி வீடு திரும்பியதும் கேமரா கார்டுகளைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்தேன், மொத்தம் 380 ஜிபி. ஃபைல் எண்ணிக்கை சரி, அளவு சரி. அடுத்த நாளே இன்னொரு முகூர்த்தம் இருந்ததால் கார்டுகளை ஃபார்மேட் செய்துவிட்டேன். எடிட் செய்ய உட்கார்ந்தால், தாலி கட்டும் இடத்தில் மெயின் கேமராவின் காட்சியில் பச்சைக் கட்டங்கள். நாலைந்து விநாடி அப்படியே உறைந்து, பிறகு மேளச் சத்தம் மட்டும் ஓடி, படம் துண்டு துண்டாக வந்தது. ஃபைலைச் சரிசெய்யத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். காப்பி ஆகும்போது டேட்டா முழுக்க ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் மாறிய நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். அளவு மாறாது, எந்த எச்சரிக்கையும் வராது. கம்ப்யூட்டர் ஹேங்க் ஆவது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஹேங்க் ஆனால் தெரிந்துவிடும். இது தெரியாமலே நடக்கிறது.

இரண்டாவது கேமரா பக்கவாட்டில் இருந்து எடுத்தது, அதில் மாப்பிள்ளையின் முதுகுதான் தெரிந்தது. அதையும் ஸ்டில் போட்டோக்களையும் வைத்து ஒப்பேற்றிக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, "தாலி கட்டுற எடம் மட்டும் ஏன் தம்பி இப்படி இருக்கு? எம்பொண்ணு முகமே தெரியலையே" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னேன். பேலன்ஸ் 20,000 ரூபாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாமணி ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு முகூர்த்தத்தைத் தவறவிட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் கண்ணை மூடிக்கொண்டு பாகம் மாற்றுவதை நிறுத்தினேன். டிஸ்க்கில் இருந்த ஒரு 40 ஜிபி ஃபைலை எடுத்து, விண்டோஸிலேயே உள்ள சர்ட்யூட்டில் கட்டளையால் அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை, அதாவது ஃபைலின் கைரேகை போன்ற ஒரு எண்ணை, கணக்கிட்டேன். ஃபைலைத் தொடாமல் எத்தனை முறை கணக்கிட்டாலும் ஒரே மதிப்புதான் வர வேண்டும். மூன்று முறை போட்டேன். முதல் இரண்டும் ஒன்றாக இருந்தன, மூன்றாவது வேறாக வந்தது. கை நடுங்கியது. இத்தனை நாள் தேடியது அந்த ஒரு வரியில் இருந்தது. உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் காசு செலவில்லாத முதல் சோதனை இது. ரேமைவிடப் பெரிதாக ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு நாலைந்து முறை கணக்கிட்டுப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக வந்தால் ரேம் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் மாறி வந்தால் அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் காப்பி செய்யாதீர்கள்.

உடனே மெம்டெஸ்ட் போட்டேன். ஏசி ஓடிய அறையில் விடியும்வரை ஒரு பிழையும் இல்லை. குழம்பிப் போனேன். மறுநாள் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு, கரண்ட் போய் ஏசி நின்ற நேரத்தில், யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த அதே சோதனையில் 47-வது நிமிடம் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளியூண்டு கெபாசிட்டரில் மின்னேற்றமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறையாவது எல்லா வரிசைகளையும் நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு அதிகமாகும். நிரப்புவதற்குக் கொடுக்கும் நேரம்தான் டிஆர்எஃப்சி. 8 கிகாபிட் சிப்புக்குத் தரநிலை 350 நானோ விநாடி. நான் வைத்த 468 என்பது 3600 வேகத்தில் 260 நானோ விநாடிதான். ஹைனிக்ஸ் ஜோடி அதைத் தாங்கியது. மைக்ரான் ஜோடி குளிரில் தாங்கியது, வெயிலில் தாங்கவில்லை. ஆகவே நம் ஊரில் ரேமைச் சோதிப்பதானால் மதியத்தில், ஃபேன் ஏசி இல்லாமல், கேபினெட்டை மூடி வைத்துச் சோதியுங்கள். மார்கழியில் மாற்றம் செய்திருந்தால் சித்திரையில் இன்னொரு முறை சோதியுங்கள்.

இங்கே இன்னொரு தப்பும் செய்தேன். பிழை வந்தால் வோல்டேஜை ஏற்ற வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் 1.45 வைத்தேன். 47 நிமிடத்தில் வந்த பிழை 20 நிமிடத்தில் வந்தது. ரேம் வெப்பநிலை 51-லிருந்து 57 டிகிரிக்கு ஏறியிருந்தது. வோல்டேஜ் கூடினால் சூடு கூடும், சூட்டால் வரும் பிழையை அது இன்னும் மோசமாக்கும். இதிலிருந்து எனக்குக் கிடைத்த கணக்கு: சோதனை ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே பிழை வந்தால் வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை, அல்லது டைமிங் ரொம்ப இறுக்கம். முக்கால் மணி, ஒரு மணி கழித்து வந்தால் பெரும்பாலும் சூடு. என் ரேமில் வெப்பமானி இருந்ததால், விண்டோஸுக்குள் போனதும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்க முடிந்தது. சில ரேம்களில் அது இருக்காது, வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஏஎம்5 என்ற புது ரக போர்டுகளில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் எரிந்துபோன செய்தி வந்திருந்தது. ரேம் புரொஃபைலை ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை, தாமாகவே உயர்த்திவிட்டன. கடைசியில் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயாஸ் அப்டேட்டில் கட்டிப்போட்டது. என்னுடையது பழைய ஏஎம்4 என்றாலும் பயந்துபோய்ப் பார்த்தேன். எஸ்ஓசியை நான் தொட்டதே இல்லை, ஆட்டோவில்தான் இருந்தது. போர்டு அதை 1.15-ல் வைத்திருந்தது. ஏஎம்4-ல் எல்லோரும் தாண்ட வேண்டாம் என்று சொல்லும் எல்லை 1.2. ஆட்டோ என்றால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். எப்படியாவது ஆன் ஆக வேண்டும் என்று போர்டு கொஞ்சம் தாராளமாகவே வைக்கும் எண் அது.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லை, மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து வாய்க்காலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அறைக்குள்ளேயே இருந்தேன். முதல் வேலையாக வேலை டிஸ்க்குகள் எல்லாவற்றின் கேபிளையும் கழற்றினேன். தப்பான ரேமோடு விண்டோஸுக்குள் போய்ச் சோதித்தால் விண்டோஸே சிதையும், அதனால் முதல் கட்டச் சோதனை எப்போதும் பென்டிரைவிலிருந்துதான். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய், 1.2 வோல்ட்டில் ஒரு பகல் முழுக்க ஓட்டினேன். பிழை இல்லை. இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். டீஃபால்ட்டிலேயே பிழை வந்தால் பெரும்பாலும் ரேமே பழுது, வாரண்டிக்கு அனுப்ப வேண்டியதுதான், எந்த வோல்டேஜும் அதைக் காப்பாற்றாது.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். ஏஎம்டி தன் பட்டியலில் என் பிராசஸரின் தலைமுறையான ஜென் 3-க்கு இரண்டு ரேம் போட்டால் 3200 என்றும், நான்கு ஸ்லாட்டிலும் டூயல் ரேங்க் (இரண்டு அணி சிப் கொண்ட) ரேம் போட்டால் 2667 என்றும்தான் சொல்லியிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டிருந்த 3600 அதற்கு எவ்வளவு மேலே என்பது அப்போதுதான் தெரிந்தது. 3600-ஐ விட்டு 3200-க்கு வந்தேன். ரேம் வோல்டேஜ் 1.35 வைத்தால் போர்டு 1.36 காட்டியது, ஆகவே அதற்கு மேல் ஏற்றவில்லை. எஸ்ஓசியை ஆட்டோவிலிருந்து எடுத்து 1.10, 1.05, 1.00 என்று இறக்கிக்கொண்டே வந்தேன். 0.95-ல், விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் வீயா (WHEA) என்ற வன்பொருள் பிழை, எண் 19, தலைகாட்டியது. பிராசஸருக்குள் இருக்கும் இணைப்புப் பாதை தடுமாறுகிறது என்று பொருள். ரேம் சோதனையில் இது தெரியாது, அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். தரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் கொஞ்சம் இடம் விட்டு 1.05-ல் நிறுத்தினேன். விடிடிஜி என்று இரண்டு வோல்டேஜ் இருக்கும், எஸ்ஓசியிலிருந்து இறக்கி எடுப்பவை. எஸ்ஓசியைவிடக் குறைந்தது 0.05 வோல்ட் கீழே இருக்க வேண்டும். எஸ்ஓசியை இறக்கிவிட்டு இவற்றை அப்படியே விட்டால் போட்ட எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். விடிடிஜியில் பிராசஸரின் ஐஓடி என்ற பகுதிக்கு 0.98, சிசிடி என்ற பகுதிக்கு 0.95, விடிடிபி என்ற இன்னொரு வோல்டேஜ் 0.90. இவை என் போர்டுக்கும் என் ரேமுக்கும் கிடைத்த எண்கள். தயவுசெய்து அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், இன்னொருவர் எண்ணை எடுத்துப் போட்டதில்தான் நான் மாட்டினேன். டிஆர்எஃப்சியை மறுபடி 350 நானோ விநாடிக்கே கொண்டுபோனேன், 3200 வேகத்தில் அது 560. ரேமுக்கு மேலே 600 ரூபாய்க்கு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனைக் கட்டினேன். வெப்பநிலை 8 டிகிரி இறங்கியது. இத்தனை செலவில் உருப்படியாக வேலை செய்தது அந்த 600 ரூபாய்தான்.

மூன்றாவது நாள் எல்லாம் சுத்தம் என்று நினைத்தபோது கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டது. திரும்ப ஆன் செய்து சோதித்தால் ஒரு பிழை. விசாரித்ததில், மின்சாரம் முழுக்க நின்று ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் போர்டு ரேமோடு பேசும் நேரக் கணக்கை மறுபடி சோதித்து அமைக்கிறது, ஒவ்வொரு முறையும் பலன் ஒன்று போலவே இருக்காது என்று புரிந்தது. ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது இதில் சேராது. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இது முக்கியம். ரேமுக்குக் கட்டளை போகும் வேகத்தைத் தளர்த்தும் கியர் டவுன் மோடை ஆன் செய்தேன், சரியானது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு, ஆன் செய்து, சோதனை. இதை மூன்று நாளில் மூன்று முறை செய்தேன். இடையில் ஒருநாள் போர்டு ஆன் ஆகவே இல்லை, திரை இருட்டாகவே இருந்தது. மனசு பதறியது. பட்டன் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டதும் டீஃபால்ட்டில் எழுந்தது. போனில் எடுத்து வைத்த படங்கள் அன்றைக்குக் கைகொடுத்தன.

3600-க்கும் 3200-க்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், என் 40 நிமிட வீடியோ ஒன்று எக்ஸ்போர்ட் ஆக முன்பு 52 நிமிடம், இப்போது 53 நிமிடம்.

கார்டிலிருந்து காப்பி செய்யும் முறையையும் மாற்றிவிட்டேன். இரண்டு வேறு டிஸ்க்கில் காப்பி, இரண்டுக்கும் கார்டுக்கும் எஸ்ஹெச்ஏ மதிப்பு ஒத்துப் பார்ப்பது, ஒத்துப்போன பிறகும் ஆல்பம் கைக்குப் போகும்வரை கார்டை ஃபார்மேட் செய்வதில்லை. கார்டு கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது, வாங்கினேன். பயாஸ் எண்களை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பயாஸ் அப்டேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதற்காக.

அடுத்த வருடம் கத்திரி தொடங்கிய மறுநாள், மதியம் ஒரு மணிக்கு ஏசியை அணைத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, பென்டிரைவைச் செருகி மெம்டெஸ்ட்டை ஓடவிட்டேன். நள்ளிரவு தாண்டி நான்கு சுற்று முடிந்தபோது பிழை 0. தேதி போட்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். அந்தத் தாளில் முதல் வரியாக அந்த நீடாமங்கலம் கல்யாணத்தின் தேதி இருக்கிறது.